மாமா இரவில் மின்விசிறியை நிறுத்திவிடுகிறார்: ஒரு விசிறி உண்மையில் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது?

மாடிப்படி (மதுரை)
2023 மே 9, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். என் மாமனாருக்கு எழுபத்தெட்டு வயது. மாடியில், மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில் படுக்கிறார். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவு இரண்டு மணி வரை அனலைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. அக்னி நட்சத்திரம் வேறு தொடங்கிவிட்டது.

போன வாரம் இரண்டு மாத மின்கட்டணம் வந்தது. 528 யூனிட், 2,174 ரூபாய். அதற்கு முந்தைய முறை 486 யூனிட், 1,641 ரூபாய். அன்றிலிருந்து மாமா இரவு பதினோரு மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிடுகிறார். "நான் ஒருவன் தூங்குவதற்காக விடிய விடிய ஓட வேண்டுமா?" என்று கேட்கிறார். காலையில் காபி கொண்டுபோனால் பனியன் முதுகோடு ஒட்டியிருக்கிறது, தலையணை உறை நனைந்திருக்கிறது. இன்று காலை எழுந்து நிற்கும்போது தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

"அதெல்லாம் ஒன்றும் ஆகாது மாமா, போட்டுக்கொள்ளுங்கள்" என்றால் கேட்க மாட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்து நான்கு வருடம் கணக்கு எழுதியவர். எண்ணைக் காட்டினால்தான் நம்புவார். எங்கள் வீட்டில் ஏ.சி. இல்லை. நான்கு மின்விசிறி, ஃப்ரிட்ஜ், தொலைக்காட்சி, தண்ணீர் மோட்டார், ஒரு இன்வெர்ட்டர், அவ்வளவுதான். ஒரு மின்விசிறி ஓர் இரவுக்கு எத்தனை யூனிட் எடுக்கும், எத்தனை ரூபாய் ஆகும்? அவர் முன்னால் வைக்கும்படியான கணக்காகச் சொல்லுங்கள்.


வகுப்பறை (கும்பகோணம்)
2023 மே 10, காலை 6.15

அம்மா, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன் நான். முதலில் அவரை மின்விசிறியைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கணக்கு பிறகு வரட்டும். இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன்.

ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 1,200 மில்லிமீட்டர் அளவுள்ள சாதாரண கூரை மின்விசிறி முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் எடுக்கும். 75 என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் தீர அது 13 மணி 20 நிமிடம் ஓட வேண்டும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட். அறுபது இரவுக்கு 36 யூனிட்.

பயன்பாடு கூடக் கூட யூனிட் விலை படிப்படியாக ஏறும். ஆகவே விலை, அந்த யூனிட் எந்தப் படியில் விழுகிறது என்பதைப் பொறுத்தது. 4.50 ரூபாய்ப் படி என்றால் ஓர் இரவுக்கு 2.70 ரூபாய். 6 ரூபாய்ப் படி என்றால் 3.60. எட்டு ரூபாய்ப் படியே என்றாலும் 4.80 தான். கடையில் ஒரு டீ விலைகூட இல்லை.

உங்கள் மாமாவைப் பயமுறுத்தியது மின்விசிறி அல்ல, 500 என்ற எல்லைக்கோடு என்று நினைக்கிறேன். 42 யூனிட் கூடியதற்கு 533 ரூபாய் கூடியிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் யூனிட்டுக்கு 12 ரூபாய் 69 காசு. அப்படி ஒரு விலை வீட்டுக் கட்டண அட்டவணையில் எந்தப் படியிலும் இல்லை. கணக்கு எழுதியவர் மிரண்டுபோனதில் வியப்பே இல்லை.

2022 செப்டம்பர் அட்டவணைப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25, பிறகு 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.50 ஆகிவிடும். அதில் மட்டும் 225 ரூபாய். 486-லிருந்து 500 வரை 14 யூனிட்டுக்கு ஆறாறு ரூபாய், 84. அதற்கு மேல் 28 யூனிட்டுக்கு எட்டெட்டு ரூபாய், 224. மூன்றையும் கூட்டுங்கள், 533 சரியாக வரும். இந்த மூன்று வரியை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள்.


கரிசல் (கோவில்பட்டி)
2023 மே 10, காலை 9.02

ஆசிரியர் ஐயா சொன்ன எல்லைக்கோட்டுக் கணக்கு எனக்கே இன்றுதான் விளங்கியது. நன்றி.

ஒரு சந்தேகம். ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் மின்சாரம் குறையுமா? எங்கள் அப்பா, "வேகம்தான் குறையும், மீட்டர் அதே ஓட்டம் ஓடும்" என்று அடித்துச் சொல்வார். பழைய வீட்டில் கறுப்புப் பெட்டி போல ஒரு ரெகுலேட்டர் இருந்தது. ஒன்றில் வைத்தால் தொட முடியாத அளவுக்குச் சூடாக இருக்கும். அதைப் பார்த்தால் அவர் சொன்னதும் சரி என்றுதான் தோன்றியது. அந்தப் பெரியவர் இரண்டிலோ மூன்றிலோ வைத்துப் படுத்தால் ஏதாவது மிச்சமாகுமா?


காயில்கடை (திருச்சி)
2023 மே 10, பிற்பகல் 2.30

சகோதரரே, உங்கள் அப்பா சொன்னது அந்தக் கறுப்புப் பெட்டிக்குப் பெரும்பாலும் பொருந்தும். அதற்குள் கம்பிச் சுருள் இருக்கும். ஃபேனுக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதியை அது வெப்பமாக எரித்துவிடும். உங்கள் கையைச் சுட்டது அந்த மின்சாரம்தான். ஃபேன் மெதுவாகச் சுற்றும், மீட்டரில் மிச்சம் சொற்பமாகத்தான் தெரியும்.

இப்போது வருகிற எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் கண்டென்சர் வைத்து ஒன்று, இரண்டு என்று படிப்படியாகத் திருப்பும் ரெகுலேட்டரும் அப்படி எரிப்பதில்லை. மூன்றில் வைத்தால் கண்டிப்பாகக் குறையும். ரெகுலேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடில்லை என்றால் அங்கே வீணாவது சொற்பம்.

இருபத்தெட்டு வருடமாகக் காயில் கட்டுகிறேன், அந்த அனுபவத்தில் இன்னொன்றும் சொல்கிறேன். ஒரே கம்பெனி, ஒரே அளவு ஃபேன் இரண்டு என் மேசைக்கு வந்தால் இரண்டும் ஒரே வாட் எடுப்பதில்லை. அவசரத்தில் காயிலில் கம்பிச் சுற்றைக் குறைத்துக் கட்டிய ஃபேன் வேகமாகத்தான் சுற்றும், வீட்டுக்காரருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு நடுக் கிண்ணத்தில் கை வைத்தால் சுடும். அந்தச் சூடு முழுவதும் உங்கள் யூனிட். பேரிங் இறுகினாலும் அப்படித்தான். ஃபேன் மந்தமாகச் சுற்றினால் முதலில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். 2.5 மைக்ரோஃபேரட், விலை நூறு ரூபாய்க்குள்தான். கண்டென்சர் செத்த ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு காற்று வரவில்லை என்று பக்கத்தில் இன்னொரு மேசை ஃபேனும் ஓட்டுகிற வீடுகள் உண்டு.

ஆகவே சகோதரி, 75 என்பது பொதுக் கணக்கு. உங்கள் வீட்டு ஃபேன் எவ்வளவு என்று அதையே கேட்க வேண்டும்.


சப்மீட்டர் குடித்தனம் (சென்னை)
2023 மே 10, இரவு 8.20

நான் வாடகை வீட்டில் இருப்பவன். எங்களுக்கு இலவச நூறும் இல்லை, படியும் இல்லை. வீட்டுக்காரர் வைத்த உள் மீட்டரில் ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய் கொடுக்கிறோம். அதனால் இரண்டு வருடம் முன்பே இரண்டு பி.எல்.டி.சி. மின்விசிறி (மின்னணுப் பலகையால் ஓடும், குறைந்த மின்சாரம் எடுக்கும் மோட்டார் உள்ளது) வாங்கினேன். முழு வேகத்தில் 30 வாட் சொச்சம்தான். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப்போகலாம் என்பதால் துணிந்தேன்.

வாங்கப் போகிறவர்கள் அட்டைப் பெட்டியில் மின்சிக்கன நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். 2023 ஜனவரி 1 முதல் கூரை மின்விசிறிக்கு நட்சத்திரச் சீட்டு கட்டாயமாகிவிட்டது. அதில் ஒரு வாட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று தள்ளும் என்ற எண் இருக்கும். 2023 அளவுப்படி 1,200 மில்லிமீட்டர் விசிறிக்கு அது 4 என்றால் ஒரு நட்சத்திரம், 6 அல்லது அதற்கு மேல் என்றால் ஐந்து. மொத்தக் காற்று எவ்வளவு என்பதையும் பாருங்கள், நிமிடத்துக்கு 210 கன மீட்டருக்குக் குறையக் கூடாது. வாட்டைக் குறைத்துவிட்டுக் காற்றையும் குறைத்திருந்தால் பயனில்லை.

ஆனால் எனக்கும் ஒரு குழப்பம் தீரவில்லை. போன மாதம் வந்த எலக்ட்ரீஷியன், கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "0.28 ஆம்பியர் காட்டுகிறது, 230 வோல்டால் பெருக்கினால் 64 வாட், உங்களை ஏமாற்றிவிட்டார்கள்" என்றார். கட்டணம் குறைந்தது உண்மை. அப்படியானால் இது என்ன?


வகுப்பறை (கும்பகோணம்)
2023 மே 11, காலை 5.50

தம்பி, உங்களை யாரும் ஏமாற்றவில்லை. ஆம்பியரையும் வோல்ட்டையும் வெறுமனே பெருக்கினால் மாறுதிசை மின்சாரத்தில் வாட் கிடைக்காது. மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு ஒத்து நடக்க வேண்டும். பி.எல்.டி.சி. விசிறிக்குள் இருக்கும் மின்னணுப் பலகை மின்னோட்டத்தை ஒரே சீராக இழுக்காமல் விட்டுவிட்டுக் குத்துக் குத்தாக இழுக்கும். அதனால் கிளாம்ப் மீட்டர் பெரிய எண்ணைக் காட்டும். நம் வீட்டு மீட்டர் உண்மையான வாட்டை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறது. உங்கள் 64-இல் பாதிதான் யூனிட்டாகிறது.

காயில்கடைக்காரர் சொன்னதுபோல விசிறியையே கேட்க ஒரு வழி இருக்கிறது. எந்தக் கருவியும் வேண்டாம். மின்வாரியத்தின் எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். அதற்குப் பக்கத்தில் 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை முறை மின்னும் என்று பொருள்.

வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு மின்விசிறியை ஓட விடுங்கள். ஒரு மின்னலிலிருந்து அடுத்த மின்னல் வரை எத்தனை விநாடி என்று பாருங்கள். எண் 3200 என்றால், 1125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். 15 விநாடி என்றால் 75 வாட். 36 விநாடி என்றால் 31 வாட். உங்கள் மீட்டரில் 1600 என்றிருந்தால் 2250-ஐ வகுக்க வேண்டும். ஒரு மின்னலை நம்பாதீர்கள், பத்து மின்னலுக்கு நேரம் எடுத்துப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்க மறக்க வேண்டாம். இன்வெர்ட்டரையும் மெயினிலிருந்து துண்டியுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி சார்ஜ் ஆவதும் சேர்ந்து கணக்கில் வரும்.

நான் என் வீட்டில் இப்படி அளந்தேன். சாதாரண விசிறி ரெகுலேட்டர் ஐந்தில் 15 விநாடி, மூன்றில் 26, ஒன்றில் 62. அதாவது 75, 43, 18 வாட். மகன் வாங்கித் தந்த பி.எல்.டி.சி. ஐந்தில் 36 விநாடி, மூன்றில் 80, ஒன்றில் மூன்று நிமிடத்துக்கு மேல். 31, 14, 6 வாட். காற்றின் வேகம் பாதியானால் இறக்கைக்கு வேண்டிய திறன் எட்டில் ஒரு பங்காகும் என்பது இயற்கை விதி. சாதாரண மோட்டார் குறைந்த வேகத்தில் தனக்குள்ளேயே நிறைய இழப்பதால் அந்தப் பயன் முழுவதும் நமக்குக் கிடைப்பதில்லை, பி.எல்.டி.சி.யில் பெரும்பகுதி கிடைக்கிறது.


இரவுப்பணி (சேலம்)
2023 மே 11, காலை 8.45

இரவுப் பணி முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். செவிலியராக இருக்கிறேன். எல்லோரும் வாட் பேசுகிறீர்கள், எனக்கு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டதுதான் கண்ணில் நிற்கிறது.

தங்கையே, வயதானவர்களுக்குத் தாகம் எடுப்பதே குறைவு. வியர்வையில் நீர் இறங்கிப் போனதும் காலையில் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று விழும். இடுப்பெலும்பு முறிந்து வருகிற பெரியவர்களில் பலர் இப்படி விடியற்காலையில் விழுந்தவர்கள்தான். அவர் ரத்த அழுத்த மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ சாப்பிடுகிறார் என்றால் இந்தத் தள்ளாட்டத்தை மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் சொம்பில் தண்ணீர் வையுங்கள். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள்.

மின்விசிறி அறையைக் குளிர வைப்பதில்லை. உடம்பு வியர்வையை உலர்த்தித்தான் நமக்குக் குளிர்ச்சி தருகிறது. ஆகவே ஆள் இல்லாத அறையில் ஓடுவது முழு வீண், ஆள் படுத்திருக்கும் அறையில் நிறுத்துவது ஆபத்து. ஒரே ஒரு எச்சரிக்கை. காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடம்பைக் குளிர்விக்காது, சூடேற்றும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மதுரையில் கத்திரி வெயில் மதியம் மாடி அறை அப்படி ஆகிவிடும். அந்த நேரம் அவரைக் கீழே அழைத்து வந்துவிடுங்கள், கழுத்திலும் கையிலும் ஈரத்துண்டு போடுங்கள்.


மாடிப்படி (மதுரை)
2023 மே 14, காலை 11.10

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரவுப்பணி அக்கா சொன்னபடி மருத்துவரைப் பார்த்தோம், ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார்.

ஆசிரியர் ஐயாவின் மூன்று வரிக் கணக்கை எழுதிக் கொடுத்தேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். "533, சரிதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் சிவப்பு விளக்கு பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்று ஞாயிறு, காலை ஆறு மணிக்கே தன் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்தோடு மீட்டர் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டார். நான் சுவிட்ச் போட, அவர் எண்ணினார். எங்கள் மீட்டரில் 3200.

முதலில் ஒரு தடங்கல். எல்லாவற்றையும் அணைத்துவிட்டோம் என்று நினைத்தோம், விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. 70 விநாடிக்கு ஒரு முறை. மாமா, "எங்கோ ஒழுகுகிறது" என்றார். ஒவ்வொரு பிளக்காகத் தேடிப் போனால் தொலைக்காட்சிக்கு அடியில் செட்டாப் பாக்ஸ்! ரிமோட்டில் நிறுத்தியிருக்கிறோம், சுவிட்சில் நிறுத்தவில்லை. 16 வாட். இருபத்து நான்கு மணி நேரமும். அறுபது நாளுக்கு 23 யூனிட்.

மாமா அறை மின்விசிறி முழு வேகத்தில் பத்து மின்னலுக்கு 148 விநாடி, 76 வாட். மூன்றில் வைத்தால் 255 விநாடி, 44 வாட். எட்டு மணி நேரம் மூன்றில் ஓடினால் அறுபது இரவுக்கு 21 யூனிட். யாரும் பார்க்காத செட்டாப் பாக்ஸ் எடுப்பதைவிடக் குறைவு! அவர் அந்த இரண்டு எண்ணையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி அடிக்கோடு போட்டார்.

கூடத்தில் இருப்பது என் கணவர் பள்ளியில் படித்தபோது வாங்கியது, இரண்டு முறை காயில் கட்டியது. அதற்குப் பத்து மின்னல் 118 விநாடியிலேயே முடிந்துவிட்டது. 95 வாட். அதுதான் விடிந்ததிலிருந்து படுக்கும் வரை பதினைந்து மணி நேரம், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடுகிறது. அறுபது நாளுக்கு 85 யூனிட்டுக்கு மேல். காயில்கடை அண்ணா, நீங்கள் சொன்னபடி கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தேன், சுடுகிறது. கூடத்துக்குப் பி.எல்.டி.சி. மாற்றலாமா?


காயில்கடை (திருச்சி)
2023 மே 14, மாலை 4.45

மாற்றலாம் சகோதரி, கூடத்துக்குத்தான் முதலில் மாற்ற வேண்டும். அதிக நேரம் ஓடுகிற, அதிக வாட் குடிக்கிற இடத்தில் போட்டால்தான் போட்ட பணம் திரும்பும். 95-லிருந்து 32-க்கு வந்தால் அறுபது நாளுக்கு 56 யூனிட் சொச்சம் மிச்சம். உங்கள் 528, 471 ஆகும். கட்டணம் 1,551. கோட்டுக்கு உள்ளே வந்துவிடுவதால் ஒரே தடவையில் 623 ரூபாய் குறையும். ஆனால் இது கோடைக் கணக்கு. 500-க்குள்ளேயே நிற்கிற மாதங்களில் அதே 56 யூனிட்டுக்கு 250 முதல் 340 ரூபாய்தான் மிச்சமாகும். மூவாயிரம் ரூபாய் ஃபேன் என்றால் பணம் திரும்ப ஒன்றரை வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

சுவரில் இருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேர் இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் வழியாக ஓட்டினால் ஃபேனுக்குள் இருக்கும் மின்னணுப் பலகை கெட்டுவிடலாம். இடி மின்னல் நேரத்தில் சுவிட்சில் அணைத்துவிடுங்கள். பலகை போனால் என்னைப் போன்றவர்கள் காயில் கட்டிச் சரிசெய்ய முடியாது, புதுப் பலகைதான் வாங்க வேண்டும். அதனால் உத்தரவாதக் காலம் அதிகமாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இன்வெர்ட்டரில் ஓடும்போது இன்னொரு நன்மை உண்டு. ஒரு சாதாரண ஃபேன் எடுக்கிற இடத்தில் இரண்டு ஓடும். மின்வெட்டு இரவுகளில் அதன் அருமை தெரியும்.

மாமா அறை ஃபேனை மாற்ற அவசரமில்லை, நன்றாகவே ஓடுகிறது. இறக்கையின் முன் விளிம்பில் படிந்த தூசியை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். அதே மூன்றில் இன்னும் நல்ல காற்று வரும்.


மாடிப்படி (மதுரை)
2023 மே 17, காலை 7.05

அண்ணா, துடைத்தேன். துணி கறுத்துவிட்டது. கூடத்துக்கு ஃபேன் வாங்கியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை மாட்ட வருகிறார்கள். ரெகுலேட்டரை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

மாமா மூன்று இரவாக மின்விசிறியை நிறுத்தவில்லை. இரவு பத்து மணிக்குச் செட்டாப் பாக்ஸ் சுவிட்சை அவரே போய் அணைத்துவிட்டு மாடிக்கு ஏறுகிறார். இன்று காலை காபி கொண்டுபோனபோது இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். பனியன் உலர்ந்திருந்தது. எழுப்ப மனமில்லாமல் டம்ளரை மூடி வைத்துவிட்டு வந்தேன். எழுந்து வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஃப்ரிட்ஜை மட்டும் தனியாக ஓடவிட்டு எண்ண முடியுமா?"

ஆசிரியர் ஐயா, அது விட்டு விட்டுத்தானே ஓடும்? அதற்கு எப்படி எண்ணுவது?


வகுப்பறை (கும்பகோணம்)
2023 மே 17, காலை 7.40

அதற்கு விளக்கை எண்ண வேண்டாம் அம்மா, மீட்டர் எண்ணையே பாருங்கள். வீட்டில் யாரும் இல்லாத ஒரு நாளில் மற்றவற்றை அணைத்துவிட்டு, கிளம்பும்போது ஒரு முறையும் திரும்பி வந்ததும் ஒரு முறையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். குறைந்தது ஆறு மணி நேரமாவது இருக்கட்டும். மீட்டர் தசமப் புள்ளிக்குப் பிறகும் காட்டுகிறது என்றால் அதையும் சேர்த்தே எழுதட்டும்.